வாகன விபத்துக்குப் பின் சட்டத்தரணியிடம் முதன்முறை போகும்போது எவற்றைக் கொண்டுபோக வேண்டும்?

விபத்து எப்படி நடந்தது, யாருக்கு என்ன இழப்பு என்பதை உங்களுக்காகப் பேசும் தாள்களே விபத்து ஆவணங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, காப்புறுதிப் பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம், விபத்து நடந்த இடத்தின் படங்கள் ஆகியவை கட்டாயம் வேண்டும்.

காயம் என்றால் மருத்துவத் தாள்களே உயிர்நாடி. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகளை உடனே நகலெடுங்கள்; வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கி, வெறும் வெள்ளைத் தாளே மிஞ்சும். வேலைக்குப் போக முடியாத நாட்களையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு? இழப்பை நிரூபிக்கும் பொறுப்பு நட்டஈடு கேட்பவருடையது. கிளினிக் கொப்பி இல்லாமல் புதிய வைத்தியரிடம் போனால் அவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கும் அல்லவா? இதுவும் அப்படித்தான். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

பொலிஸ் வழக்கு முடிந்தால் நட்டஈடு தானாக வரும் எனப் பலர் காத்திருக்கிறார்கள்; நீதவான் நீதிமன்றத்தில் செலுத்தும் தண்டப்பணம் அரசுக்குரியது, உங்கள் இழப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குத் தேவைப்படலாம்.