தோல் போடும் முன் காளையை நடக்க விடுங்கள்

மேலூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஜல்லிக்கட்டு பற்றிய குறும்படம். நிஜ மாட்டை வைத்து எடுக்க விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதி வேண்டும் என்பதால், இரண்டு பேர் உள்ளே இருந்து இயக்கும் காளை உடுப்பு ஒன்றைச் செய்துவிட்டார்கள். ஒத்திகையில் பின்னால் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் இடுப்பு விட்டுப்போய் உட்கார்ந்துவிடுகிறார், தலை கட்டை மாதிரி நிற்கிறது. படப்பிடிப்பு வைகாசியில். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

முதலில் தோலைக் கழற்றுங்கள். கஷ்டப்பட்டு ஒட்டியிருப்பீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் தோல் இருக்கும்வரை உள்ளே எது தப்பு என்று உங்களால் பார்க்க முடியாது. வெறும் கூட்டை மட்டும் மாட்டிக்கொண்டு இருவரும் நடக்கட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுங்கள். 1986இல் வந்த ‘ஏலியன்ஸ்’ ஹாலிவுட் படத்தின் ராணி உயிரினத்துக்கே, அதை உருவாக்கிய ஸ்டான் வின்ஸ்டன் குழு முதலில் செய்தது, இரண்டு ஆட்களைக் கிரேனில் தொங்கவிட்டுக் கறுப்புக் குப்பைப் பைகளைச் சுற்றி அசைத்துப் பார்த்ததுதான். அந்த அசைவு நம்பும்படி இருந்த பிறகுதான் மற்ற வேலை. அட்டை, குப்பைப் பை, சணல் கயிறு என்று உங்களுக்கும் சில நூறு ரூபாயில் முடிகிற சோதனை இது.

இடுப்பு வலிக்குக் காரணம், குனிந்தவரின் முதுகிலேயே எடை உட்கார்ந்திருப்பது. சப்பரம் தூக்குகிறவர்களைப் பாருங்கள், எடை கழியில் இருக்கிறது, கழி தோள்களுக்குப் பிரிகிறது. உங்கள் காளைக்கும் இரண்டு அலுமினியக் குழாய்கள் போடுங்கள், முன்னவர் இடுப்பு பெல்ட்டிலிருந்து பின்னவர் இடுப்பு பெல்ட் வரை. பின்னவர் நெஞ்சைச் சாய்த்துக்கொள்ள அந்தக் குழாய்களின் குறுக்கே பஞ்சு சுற்றிய ஒரு கட்டை வையுங்கள். உடல் கூடு முழுவதும் குழாயில்தான் நிற்க வேண்டும், ஆளின் முதுகைத் தொடவே கூடாது. ஒருவர் பங்குக்குப் பத்து கிலோவைத் தாண்டவிடாதீர்கள். தலை கனமாக இருந்தால் மதுரை பக்கத்து விளாச்சேரியில் காகிதக்கூழ் பொம்மை செய்பவர்களிடம் கேளுங்கள். களிமண்ணிலோ ஃபைபரிலோ வராத லேசு அதில் வரும்.

அப்புறம் நடை. இதில்தான் பெரும்பாலான இரட்டை ஆள் உடுப்புகள் மாட்டிக்கொள்கின்றன. மாடு நடக்கும்போது கால்கள் விழும் வரிசை இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். இருவரும் ஒரே நேரத்தில் இடது காலை எடுத்தால் அது மாடு இல்லை, போர்வை போர்த்திய இரண்டு மனிதர்கள். பின்னவரின் கால், முன்னவரின் அதே பக்கக் காலுக்கு ஒரு தட்டு முந்தி விழ வேண்டும். ஒரு தப்பு மேளம் வாங்கி நாலு தட்டுத் தாளம் போடச் சொல்லி, தினமும் அரை மணி நேரமாவது நடங்கள். மாட்டின் பின்னங்கால் முட்டி பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், அதற்குக் கால்சட்டையின் கெண்டைக்கு மேல் ஸ்பாஞ்ச் தைத்தால் போதும். வாடிவாசல் புழுதி மீதியை மறைத்துவிடும்.

தலை உயிரோடு தெரிய வாயை அசைக்காதீர்கள். காதும், கழுத்துக்கு அடியில் தொங்கும் தோலான அலைதாடியும் அசைந்தால் போதும். நம் தோல்பாவைகளில் எத்தனை மூட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், தேவையான இடத்தில் மட்டுமே நூல் முடிச்சு இருக்கும். காதுக்கு சைக்கிள் பிரேக் ஒயர் எடுங்கள். உறையோடு சேர்த்து, கூர்மையான வளைவு இல்லாமல், கிரீஸ் போட்டு ஓட்ட வேண்டும். வளைவு கூடக்கூட உராய்வு கூடி இழுவை செத்துப்போகும். அலைதாடியின் நுனியில் சிறு மணல் பை வைத்துத் தையுங்கள், தலை நின்ற பிறகும் அது ஆடும். அந்த ஆட்டம்தான் கண்ணை ஏமாற்றுகிறது.

திமில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் பயம். மாடுபிடி வீரர் திமிலைப் பிடித்துத் தொங்குவார் இல்லையா? அந்த எடையை உள்ளே இருப்பவர் மேல் ஏற்றினால் கழுத்து போய்விடும். அந்த ஷாட்டுக்குத் திமிலும் முதுகும் மட்டும் தனியாகச் செய்து, தள்ளுவண்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு, நான்கு பேர் ஆட்டுங்கள். கேமரா நெருக்கத்தில் இருக்கும்போது கால்கள் யாருக்கும் தெரியாது.

கடைசி ஒத்திகையை நிழலில் வைக்காதீர்கள். படப்பிடிப்பு நடக்கும் அதே பகல் வெயிலில், முழு உடுப்போடு, உள்ளே ஒரு வெப்பமானி தொங்கவிட்டுச் செய்யுங்கள். பல வருடம் முன்பு ஒரு கோயில் ஊர்வலத்துக்கு யானை உடுப்பு செய்தேன். முதுகில் கயிறு முடிச்சு போட்டுக் கட்டியிருந்தேன். மேளச் சத்தத்தில் உள்ளே இருந்தவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அவிழ்த்தபோது மயங்கிக் கிடந்தார், பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் உடுப்பில் முடிச்சே கிடையாது. முதுகு முழுக்க வெல்க்ரோ, இழுத்தால் பதினைந்து நொடியில் ஆள் வெளியே. உள்ளே ஆளுக்கொரு விசில், வெளியே அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர். பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள், ஷாட் ஓகே ஆகாவிட்டாலும் சரி. முன்னவர் பார்க்கவும் மூச்சுவிடவும் கழுத்துக்கு அடியில் கறுப்பு வலை வையுங்கள்.

தோலைத் திரும்ப ஒட்டும்போது ரப்பர் பசையை மூடிய அறையில் பூசாதீர்கள். பூசி இரண்டு நாள் திறந்தவெளியில் காயவிடுங்கள், வாடை போகாத உடுப்புக்குள் நுழைந்தால் தலை சுற்றும். ஸ்பாஞ்ச் சட்டென்று தீப்பிடிக்கும், வெடி போடும் காட்சிக்கு இந்தக் காளையைக் கொண்டுபோகவே வேண்டாம். வெல்வெட் தைக்க ஆள் வேண்டுமென்றால், அழகர் திருவிழாவுக்கு வேட உடுப்பு தைக்கும் தையல்காரர்கள் முன்பு மதுரை புதுமண்டபத்தில் இருந்தார்கள், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் விசாரியுங்கள். சித்திரை நெருங்கும்போது போனால் அவர்களுக்கு நிமிர நேரமிருக்காது, ஆகவே மாசியிலேயே அளவு கொடுத்துவிடுங்கள்.