கேளுங்கள், சொல்கிறேன்: சீரியம் காட்டிய வழி

கேள்வி: அம்மா, நீங்கள் முதலில் விளக்குகளுக்கான ஒளிர்பொருள்களில் ஆய்வு செய்தீர்கள். பிறகு கார்ப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிகளுக்குப் போய்விட்டீர்கள். பாதியில் துறை மாறியது நட்டமாகத் தோன்றவில்லையா?
– முதுகலை வேதியியல் மாணவர், வெஸ்ட்வில், டர்பன்

தம்பி, இரண்டு துறை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை சீரியம் என்ற ஒரே தனிமத்தின் பின்னால்தான் நடந்து வந்திருக்கிறேன்.

வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளில் பலவற்றை அணைத்துவிட்டுப் பார்த்தால் சிப்பின் மேல் மஞ்சள் பூச்சு ஒன்று தெரியும். இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்னும் அந்தப் படிகத்தில் இட்ரியம் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் சீரியம் உட்கார்ந்திருக்கிறது. சிப்பிலிருந்து வரும் சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியை உறிஞ்சி, 550ஐ ஒட்டிய மஞ்சளாக வெளியிடுகிறது. உறிஞ்சப்படாத நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகின்றன. மூன்று எலக்ட்ரான்களை இழந்த சீரியம்தான் இப்படி ஒளிரும். நான்காவதும் போய்விட்டால் மஞ்சள் ஒளி கிடையாது. அந்த ஒன்றைக் காப்பாற்றத்தான், ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனை உலைக்குள் ஓடவிட்டு, 1500 டிகிரியில் ஆக்சிஜன் அண்டாமல் காவல் இருந்தேன். என் இளமையின் பெரும்பகுதி அந்த உலையடியில் போனது.

காரின் வினையூக்கியில் நிலைமை நேர்மாறு. பெட்ரோல் எஞ்சின் புகையில் ஆக்சிஜன் ஒரு கணம் கூடும், மறுகணம் குறையும். கூடும்போது சீரியம் ஆக்சைடு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குறையும்போது விட்டுக்கொடுக்கும். அந்த ஆக்சிஜனைக் கொண்டு பிளாட்டினமும் பலேடியமும் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். பிடிப்பதும் விடுவதும் அதே நான்காவது எலக்ட்ரான் போய்வருவதால் நடப்பவை. உலையில் நான் ஆண்டுக்கணக்கில் தடுத்த மாற்றம், இங்கே நிமிடத்துக்குப் பலமுறை நடக்க வேண்டிய மாற்றமாக இருந்தது. அதைப் புரிந்துகொண்ட பிறகு என்னால் விலகியிருக்க முடியவில்லை.

பழைய துறையில் கற்ற எதுவும் வீணாகவில்லை. சீரியம் ஆக்சைடுத் தூளின் மேல் லேசரைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியைப் பிரித்துக் காட்டும் ராமன் நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 464 என்னும் இடத்தில் கூரான முகடு எழும். ஆக்சிஜன் வெளியேறிப் படிகத்தில் காலியிடங்கள் உண்டானால் அந்த முகடு அகலும். 600ஐ ஒட்டிச் சிறிதாக இன்னொன்று தலைகாட்டும். தூளை வைத்த குழாயின் மறுமுனையில் என்ன வாயு வருகிறது என்று என் புதிய குழுவினர் அளந்தபோது, தூளுக்குள் என்ன நடக்கிறது என்று நான் பார்த்துச் சொன்னேன். (ராமன் திருச்சிக்காரர் என்பதையும் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.)

இன்னொன்றும் உண்டு. நான் டர்பனின் மெர்பேங்கில் வளர்ந்தவள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடைக்குப் பயந்து இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிய தெரு எங்களுடையது. காற்று என்பது எனக்கு வெறும் பாடப்பொருளாக இருந்ததில்லை. பெட்ரோலில் கலந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நம் தென்னாப்பிரிக்காவிலோ ஈயப் பெட்ரோல் 2006இல்தான் நின்றது. உலகுக்கே பிளாட்டினம் தரும் ரஸ்டன்பர்க்கை வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் அத்தனை காலம் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

கேள்வி: என் மகள் பள்ளியின் கடைசி ஆண்டான மெட்ரிக் படிக்கிறாள். நாங்கள் மருந்தியல் என்கிறோம், அவள் வேதியியல் என்கிறாள். வேலை கிடைக்குமா, அம்மா?
– ஒரு தந்தை, ஃபீனிக்ஸ்

ஐயா, அவள் கேட்பதைப் படிக்க விடுங்கள். செகுண்டாவில் நிலக்கரியைப் பெட்ரோலாக்குவது இரும்பு வினையூக்கி. வாகன வினையூக்கிகள் முன்பு போர்ட் எலிசபெத் என்றிருந்த கெபெர்ஹாவில் தயாராகின்றன. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் வினையூக்கத்துக்கென்றே 2004இல் தேசிய ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஒளிர்பொருளில் ஆர்வம் வந்தால் புளூம்ஃபொன்டைனில் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழக இயற்பியல் துறை உண்டு. ஆனால் இளங்கலையோடு நிறுத்தினால் வேலை தேடுவது கடினம். இளங்கலைக்கு அடுத்த ஓராண்டுப் படிப்பான ஆனர்ஸ் வரையாவது படிக்கட்டும். இயற்பியலையும் கணிதத்தையும் கைவிட வேண்டாம் என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கோவிலில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் மேண்டில்களும் கிடக்கின்றன. அவற்றில் கதிரியக்கம் உண்டு என்கிறார்களே?
– கோவில் தொண்டர், டோங்காட்

உண்மைதான். 1891இல் ஆவர் என்னும் ஆஸ்திரிய வேதியியலர் கண்ட கலவை அது: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு. தோரியம் மட்டும் இருந்தால் வெளிச்சம் மங்கல். அந்த ஒரு பங்கு சீரியம்தான் வெள்ளை ஒளியைத் தந்தது, பார்த்தீர்களா! கதிரியக்கம் தோரியத்தினுடையது. விளக்கை வைத்திருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. தூளை மூச்சில் இழுப்பதுதான் கெடுதல். உடைந்த மேண்டிலை வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டுங்கள், கையைக் கழுவுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். இப்போது வரும் மேண்டில்கள் பலவற்றில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் இருக்கிறது. புதிது வாங்கும்போது தோரியம் இல்லாதது என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.