ஒரே புரோகிராமில் இரண்டு ஈவென்ட் லூப்

கேள்வி: விண்டோ, பட்டன் வரையும் டிகே டூல்கிட்டைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் டிகிண்டரில் எழுதிய பழைய புரோகிராமில், ஒரு புது விண்டோவை மட்டும் க்யூடி என்ற இன்னொரு டூல்கிட்டுக்கான பைக்யூடியில் செய்து சேர்த்தேன். க்யூடியின் ஈவென்ட் லூப்பை ஓட்டும் எக்ஸெக்கைக் கூப்பிட்டதுமே பழைய விண்டோ உறைந்துவிடுகிறது. தனி த்ரெட்டில் (அதே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடரில்) ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கிராஷ். இரண்டையும் சேர்த்து ஓட்டவே முடியாதா?

பதில்: முடியும், ஆனால் த்ரெட் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். க்யூடி விண்டோக்கள் மெயின் த்ரெட்டில்தான் இருக்க வேண்டும், டிகேயும் தன்னை உருவாக்கிய த்ரெட்டை விட்டு நகராது.

டிகேயின் மெயின்லூப், க்யூடியின் எக்ஸெக் இரண்டுமே செய்வது ஒன்றுதான்: க்ளிக், கீ அழுத்தல் போன்ற ஈவென்ட் வரும்வரை தூங்குவது, வந்ததும் உரிய விண்டோவிடம் கொடுப்பது, மறுபடி தூங்குவது. கூப்பிட்டால் லேசில் திரும்பி வராது. அதனால் க்யூடி ஓடும்போது டிகேக்கு வந்த க்ளிக்கை எடுத்துக் கொடுக்க ஆளில்லை. ஒரு லூப் மட்டும் ஓடட்டும், இன்னொன்றுக்கு அது அவ்வப்போது இடம் கொடுக்கட்டும்.

க்யூடியையே ஓடவிடுங்கள். டிகேயின் மெயின்லூப் வரியை எடுத்துவிட்டு, 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடிக்கும் க்யூடைமர் ஒன்றில் ரூட்டின் (டிகேயின் முதன்மை விண்டோ) அப்டேட்டைக் கூப்பிட்டால் போதும், காத்திருக்கும் டிகே ஈவென்ட்களை முடித்துவிட்டு அது திரும்பிவிடும். தலைகீழாக, டிகேயின் டைமரான ஆஃப்டர் மூலம், காத்திருக்கும் ஈவென்ட்களை முடிக்கும் க்யூடியின் பிராசஸ்ஈவென்ட்ஸைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. நான் அதைச் சொல்லமாட்டேன், ஏனென்றால் எக்ஸெக் ஓடாதபோது பிறகு அழிக்கச் சொல்லி டிலீட்லேட்டர் கொடுத்துவிட்ட ஆப்ஜெக்ட்கள் அழியாமலே தங்கிவிடும், மெமரி ஏறிக்கொண்டே போகும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லினக்ஸில் டிகேயின் மெசேஜ்பாக்ஸைத் திறந்தால் அது தனக்கென ஒரு குட்டி லூப்பை ஓட்டும். அது ஓடுவது உங்கள் டைமர் ஃபங்ஷனுக்குள்ளே, ஆகவே யாராவது ஓகே அழுத்தும்வரை உங்கள் டைமர் திரும்பாது, க்யூடி பக்கம் செத்துக் கிடக்கும். மெசேஜ்பாக்ஸ்களை எல்லாம் க்யூடிக்கு மாற்றுங்கள், அதுவும் டிகே பட்டனிலிருந்து திறப்பதென்றால் அதேபோல் குட்டி லூப் ஓட்டும் எக்ஸெக் வேண்டாம், காத்திருக்காமல் உடனே திரும்பும் ஓப்பன் போதும். அப்புறம், சும்மா இருக்கும்போதும் புரோகிராம் செகண்டுக்கு 50 தடவை விழித்துக்கொள்ளும், லேப்டாப் பேட்டரிக்கு அது நல்லதல்ல.

விண்டோஸில் மெசேஜ் க்யூ (காத்திருக்கும் செய்திகளின் வரிசை) த்ரெட்டுக்கு ஒன்றுதான், எந்த லூப் எடுத்தாலும் செய்தி உரிய விண்டோவுக்குப் போய்விடும், அதனால் இந்த டைமர் இல்லாமலே பாதி வேலை நடக்கும். அதை நம்பி லினக்ஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். மேக்கில் இந்த முயற்சியே வேண்டாம், அங்கே ஒரு பிராசஸுக்கு ஒரே அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்தான், இரண்டு டூல்கிட்டும் அதற்கு மல்லுக்கட்டும். க்யூடி விண்டோவைத் தனி பிராசஸாக ஓட்டி சாக்கெட் வழியாகப் பேசவையுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜிடிகே என்ற டூல்கிட்டும் க்யூடியும். லினக்ஸ் மட்டும்தான். எனக்கும் இதே டைமர்தானா?

பதில்: உங்களுக்கு அநேகமாக எதுவுமே தேவையில்லை. ஜிடிகே, ஜிலிப் என்ற அடிப்படை லைப்ரரியின் லூப்பில் ஓடுகிறது, லினக்ஸில் க்யூடியும் ஜிலிப்போடு சேர்த்து பில்டு செய்யப்பட்டிருந்தால் அதே லூப்பைத்தான் பயன்படுத்தும். எக்ஸெக் ஒன்றைக் கூப்பிட்டாலே இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கும். சந்தேகமாக இருந்தால் க்யூடி நோ ஜிலிப் (QT_NO_GLIB) என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 1 கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஜிடிகே விண்டோ உறைந்தால், இதுவரை அதை ஓட்டியது அந்தப் பொது லூப்தான்.