அப்பா ஏன் நோட்டுக்குப் போனார்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு 24.04, லினக்ஸில் ஒரு வகை. மூடித் திறந்தால் சில நேரம் திரை கறுப்பாகவே நிற்கிறது. இடது ஓரத்தில் ஐகான்கள் நிற்கும் டாக்கும் திடீரென்று காணாமல் போகிறது. இந்த வருஷமே மின்ட், டெபியன் என்று வேறு லினக்ஸ் வகைகளும் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை தீரவில்லை. ஃபெடோராவுக்கு மாறலாமா? வீட்டில் இது ஒன்றுதான் கம்ப்யூட்டர். இதில் தேயிலைக் கொழுந்துக் கணக்கு போட்ட அப்பாவும் நோட்டுக்கே போய்விட்டார், அதனால் அழிப்பதில் சிக்கல் இல்லை.

பதில்: தம்பி, கறுப்புத் திரை கிடக்கட்டும். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பழகின மனுஷன் ஏன் நோட்டுக்குப் போனார்? அதைக் கேட்டீர்களா?

டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வகை, மாற்றுகிறவர்களின் கடிதம் எனக்குப் புதிதல்ல. டிஸ்க்கைத் துடைத்த கதையை விலாவாரியாக எழுதுவார்கள். துடைத்ததில் யாருடைய கணக்கு போனது என்று ஒருவரும் எழுதியதில்லை. நீங்கள் வாய்தவறி எழுதிவிட்டீர்கள். ஒரு மாதம் மெனு கீழே, அடுத்த மாதம் மேலே. ஒருநாள் பார்த்தால் தமிழில் தட்டுகிற தமிழ்99 கீபோர்டே இல்லை. தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ போனது, ஃபேக்டரி சிட்டையில் எத்தனை கிலோ ஏறியது என்று மாசக் கடைசியில் ஒத்துப் பார்க்க அவருக்கு இருந்தது கம்ப்யூட்டரில் போட்ட அந்தக் கணக்கு ஷீட். அது நாளைக்கு இருக்குமா என்று தெரியாத பெட்டியில் யார் எழுதுவார்? நாற்பது பக்க நோட்டை மகன் ஃபார்மட் பண்ண முடியாது. அவர் உங்களிடம் சண்டை போட்டதாகக்கூடக் கடிதத்தில் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர் என்றால் அது வீட்டுச் சொத்து, உங்கள் விளையாட்டுச் சாமான் இல்லை.

ஃபெடோரா வேண்டாம். மூன்றிலும் ஒரே கோளாறு என்றால் அது பெரும்பாலும் எல்லா லினக்ஸுக்கும் அடியில் இருக்கும் கெர்னலிலோ, திரையை ஓட்டும் கிராஃபிக்ஸ் டிரைவரிலோதான் இருக்கும். ஹோட்டல் போர்டை மாற்றி என்ன, உள்ளே அதே மாஸ்டர். ஃபெடோராவில் புதுக் கெர்னல் சீக்கிரம் வரும், தீர்ந்தாலும் தீரும். ஆனால் ஒரு பதிப்புக்கு ஆயுள் சுமார் 13 மாதம். உங்கள் 24.04-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஆசை விடவில்லையா? பென்டிரைவிலிருந்தே ஃபெடோராவை ஓட்டி, மூடியை நாலு தடவை மூடித் திறந்து பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

அதற்கும் முன்னால் லாகின் திரையில் பெயரைத் தட்டுங்கள். வலது கீழ் மூலையில் பல்சக்கரம் தெரியும். அதில் 'Ubuntu on Xorg' என்று இருப்பதை (திரையைக் காட்டும் வேறொரு முறை) தேர்ந்தெடுத்து நாலு நாள் ஓட்டுங்கள். டாக்குக்கு, புதிதாக ஒரு யூசர் கணக்கு திறங்கள். அங்கே டாக் ஒழுங்காக நின்றால் குற்றம் நீங்கள் ஏற்றி வைத்த எக்ஸ்டென்ஷன் என்கிற கூடுதல் துணுக்குகளில்.

சோதனை முடிந்ததும் அந்த யூசர் கணக்கை அழிக்காதீர்கள். அப்பா பெயரை வையுங்கள், தமிழ்99 போடுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வாசிக்க நீங்கள் தட்டுங்கள். பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள். அது அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், உங்களிடம் வேண்டாம்.