ரயில் நின்றது, கொலுசு பேசியது

அம்மாப்பேட்டை வாசகி: போன இதழில், '2012-ல் பாதி நாடு இருண்ட அன்றைக்கு நான் ஒரு பை வெள்ளியோடு சம்பல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்' என்று ஒரே வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டீர்கள். முழுசாகச் சொல்லுங்கள் ஐயா.

அப்போது செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை இருந்ததம்மா. வருஷத்துக்கு மூன்று நடை ஆக்ரா போவேன். அங்கே ஒரு சேட் நம் ஊர்ச் சரக்கை எடுத்துக்கொள்வார். ஜூலை 29, ஞாயிறு ராத்திரி, கேரளாவிலிருந்து சேலம் வழியாக டெல்லி போகிற வண்டியில் ஏறினேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குள் திரும்பிவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். பையில் 4 கிலோ கொலுசு. வெள்ளி கிலோ 50 ஆயிரத்தைத் தாண்டியிருந்த நேரம்.

விடிகாலையில் நெல்லூருக்கு முன்னாலேயே வண்டியைப் போட்டுவிட்டார்கள். டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டி தீப்பிடித்து 30 பேருக்கு மேல் செத்துப்போன காலை அது. டிவியில் 'டெல்லி ரயில்' என்று காதில் விழுந்ததுமே என் மனைவி அழுதுகொண்டு போன் பண்ணிவிட்டாள். நான் போவது எதிர்த்திசை என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த ராத்திரி இரண்டரை மணிவாக்கில்தான் வடக்கே கிரிட், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் கோத்து வைத்திருக்கிற மின்கம்பி வலை, முதல் தடவை விழுந்திருக்கிறது. எங்கள் பெட்டியில் யாருக்கும் தெரியாது.

வண்டி தாமதத்தோடேயே ஊர்ந்து, செவ்வாய்க்கிழமை பகலில் குவாலியர் தாண்டி, சம்பல் ஆற்றுப் பாலம் தாண்டி, தோல்பூரையும் விட்டது. மணி ஒன்று இருக்கும். பிரேக் போட்ட மாதிரி இல்லை. மூச்சு வாங்கிய கிழவன் உட்காருவது போல மெதுவாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே மண் மேடும் பள்ளமும் முள் புதரும்தான். என்ஜினுக்குக் கரண்ட் இல்லை, ஆனாலும் பெட்டிக்குள் விசிறி சுற்றியது. பெட்டிக்கு அடியில் பேட்டரி இருக்கிறது. வண்டி ஓடினால்தான் சார்ஜ் ஏறும். நான்கு மணிக்கெல்லாம் விசிறியின் இறக்கையை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம் போல ஆயிற்று. அப்புறம் அதுவும் நின்றது.

அங்கேதான் என் வயிற்றில் புளி கரைந்தது. ஓடுகிற ரயிலில் கொலுசுச் சத்தம் கேட்காது. நின்றுபோன ரயிலில், விசிறியும் இல்லாத அமைதியில், நான் காலை மாற்றிப் போட்டால் ஜல். பையை நகர்த்தினால் ஜல் ஜல். அத்தனையும் முத்து, அதாவது குட்டிச் சலங்கை, வைத்த உருப்படி வேறு. எதிர் சீட்டில் லீவு முடிந்து திரும்புகிற தருமபுரிப் பையன், ராணுவத்தில் இருப்பவன். குனிந்து காதோடு கேட்டான்: "ஏங்ணா, உங்க பைக்குள்ள யாரோ பொம்பளப்புள்ள நடக்கிற மாதிரி இருக்கே?"

எனக்கு வேர்த்துவிட்டது. அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என்னை மேல் பெர்த்தில் ஏற்றி, பையைத் தலைக்கு வைக்கச் சொல்லி, தன் இரும்புப் பெட்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, தூரத்தில் தெரிந்த அடிபம்பிலிருந்து நாலு பேருக்குத் தண்ணீர் பிடித்துவரப் போய்விட்டான். நான் துண்டு, வேட்டி, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் கொலுசுக்கு நடுவே திணித்தேன். இருட்டுக் கட்டுகிற நேரத்துக்கு ஒரு டீசல் என்ஜின் வந்து எங்களை ஆக்ராவுக்கு இழுத்துப் போனது.

வீட்டுக்குப் போன் செய்து, "வடக்கே கரண்டே இல்ல" என்றேன். மனைவி சொன்னாள்: "ஏனுங்க, இங்க மட்டும் என்ன வாழுது? காலையில இருந்து கம்பி இழுக்கிற மெஷின் நின்னு கிடக்குது. அங்க போனா உலகமே பேசுது, நம்ம பட்டறையில தினம் போகுது, யாரு கேட்டா?" நான் என்ன பதில் சொல்ல? அந்த வருஷம் முழுக்க நாம் தினசரி மின்வெட்டில்தானே கிடந்தோம்.

சூரமங்கலம் வாசகர்: அன்றைக்குத் தமிழ்நாடு மட்டும் எப்படித் தப்பித்தது?

கேரளா, கர்நாடகா, ஆந்திராவும் தப்பித்தன. 30-ம் தேதி விழுந்தது வடக்கு கிரிட் மட்டும். 31-ல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. 60 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை. இரண்டு நாளும் முதலில் அறுந்தது 400 கிலோவோல்ட் பீனா–குவாலியர் லைன். அப்பொழுது அந்த வழியில் வேறு லைன்கள் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்ததால் பாரம் முழுக்க அதன் தலையில். அந்த பீனாவையும் குவாலியரையும் தாண்டித்தான் நான் டீ குடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்!

எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன். வடக்கு, கிழக்கு, மேற்கு கிரிட்டெல்லாம் பத்தவைத்த, அதாவது உருக்கி ஒட்டிய, கண்ணிகள். எல்லாம் நொடிக்கு 50 சுற்று என்கிற ஒரே 50 ஹெர்ட்ஸ் தாளத்தில் ஓடும், ஒன்றை இழுத்தால் அடுத்ததும் வரும். மேற்கு கடைசி நேரத்தில் அறுத்துக்கொண்டு பிழைத்தது. தெற்கை மட்டும் தால்ச்சர்–கோலார் மாதிரி டிசி (ஒரே திசையில் ஓடுகிற கரண்ட்) இணைப்புகளில், திருகாணி போட்டு மாட்டியிருந்தார்கள். கரண்ட் போகும் வரும், தாளம் தொற்றாது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கையும் பத்தவைத்துவிட்டார்கள். அதனால் வெளியிலிருந்து நிறையக் கரண்ட் வாங்க முடிகிறது, நல்லதுதான். ஆனால் 'வடக்கே போனால் நமக்கென்ன' என்று இனிமேல் கால் மேல் கால் போட்டு உட்கார முடியாது.

மேட்டூர் வாசகர்: கரண்ட் எடுக்கிற இடத்துக்கே கரண்ட் வேண்டுமாமே, நிஜமா?

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை அரைக்க, தண்ணீர் ஏற்ற, காற்று ஊத எல்லாவற்றுக்கும் மோட்டார். வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் அது எழுந்திருக்கும். அணையடியில் இருக்கிற நீர்மின் நிலையத்துக்கு மதகைத் திறக்கிற அளவுக்குக் கொஞ்சம் கிடைத்தால் போதும். தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கிரிட் மொத்தமாக விழுந்தால் முதலில் நீர்மின்சாரத்தை எடுத்து, அதைக் கொண்டு அனலை எழுப்புவார்கள்.

ஏற்காடு வாசகி: எங்கள் மலையில் சில்வர் ஓக் கிளை ஒன்று லைன்மேல் விழுந்தாலே இரண்டு நாள் இருட்டு. எங்களைப் பற்றி ஒரு வரி?

உங்களுக்கு இருட்டு பழக்கம், எங்களுக்கு வேடிக்கை. அந்த 2012-ல் ஒரு ராத்திரி ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டினோம். கீழே சேலம் மொத்தமும் ஜொலித்தது. மணி அடித்தாற்போல ஒரு துண்டு அணைந்தது. பக்கத்துத் துண்டு எரிந்தது. "அது அஸ்தம்பட்டி, இது குகை" என்று டிரைவர் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் செவ்வாய்ப்பேட்டை இருட்டில்தான் இருந்தது.

சிவதாபுரம் வாசகர்: நானும் கொலுசுக்காரன்தான். ஆக்ராவில் சரக்கை எப்படி எடை போட்டார்கள்?

கேட்டீரே ஒரு கேள்வி! இரண்டு நாள் கரண்ட் போய் வந்ததில் சேட் கடை எலக்ட்ரானிக் தராசின் பேட்டரியும் செத்துப்போயிருந்தது. பரணிலிருந்து அவர் தாத்தா காலத்துத் தராசை இறக்கி, தட்டிலிருந்த தூசியை வேட்டித் தலைப்பால் துடைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிறுத்தினார். என் கணக்குக்கு 11 கிராம் குறைந்தது. "அடுத்த நடை பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த நடையில் அவருடைய எலக்ட்ரானிக் தராசு 6 கிராம் கூடக் காட்டியது. நானும் வாயைத் திறக்கவில்லை.