பையனின் பேன்ட் பையில் புகையிலைப் பொட்டலம்: ஹாஸ்டலில் சேர்த்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். துணி துவைக்கும்போது, உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் அவன் பேன்ட் பையில் இருந்தது. கேட்டால், "மின்ட் மாதிரிதான், எல்லாரும் வைக்கிறாங்க" என்கிறான். நான் வேலை முடிந்து வர இரவு 8 மணியாகும். கணவருக்கும் புகையிலைப் பழக்கம் உண்டு. கூட்டாளிகள்தான் காரணம், ஹாஸ்டலில் சேர்த்துவிடு என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கூட்டாளிகளுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் வகுப்பில் பின்தங்கி, திட்டு வாங்கிக்கொண்டே இருக்கும் பையன்கள் ஒருவரையொருவர் தேடிச் சேர்வதும் உண்டு. ஹாஸ்டலிலும் அப்படி நாலு பேர் கிடைப்பார்கள். உங்கள் பார்வை மட்டும்தான் இல்லாமல் போகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, மாலை பள்ளி விட்டதிலிருந்து இரவு 8 வரை அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. டியூஷனோ, விளையாட்டுப் பயிற்சியோ, சித்தி வீடோ, பெரியவர் ஒருவர் கண்ணில் படுகிற இடமாக அந்த நேரத்தை மாற்றுங்கள். இன்னொன்று, அப்பா. வீட்டு அலமாரியில் புகையிலை இருக்கும்போது பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி எடுபடாது. அவனைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்லும் வழக்கம் இருந்தால், அது இன்றோடு நிற்கட்டும். முடிந்தால் அப்பாவும் மகனும் ஒரே நாளில் விடட்டும்.

அவனிடம் பேசும்போது நண்பர்கள் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் அதோடு வாயை மூடிக்கொள்வான். நாளைக்கு எத்தனை, காலையில் முதல் பொட்டலம் எப்போது என்று கேளுங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் தேவைப்பட்டால் நிகோட்டின் பிடி இறுகிவிட்டது என்று அர்த்தம். சிகரெட், கஞ்சா, வலி மாத்திரை பற்றியும் அதே சாதாரணக் குரலில் கேட்டுவிடுங்கள்.

நிறுத்திய ஒரு நாளுக்குள் எரிச்சல், பசி, கவனமின்மை, தூக்கக்கேடு தொடங்கும். இரண்டாவது, மூன்றாவது நாள்தான் கடுமையானது. 2 முதல் 4 வாரங்களில் அடங்கும். பரீட்சை வாரத்தில் தொடங்க வேண்டாம். அந்த எரிச்சலைத் திமிர் என்று நினைத்து அடித்தால், மறுபடி பொட்டலத்துக்கே போவான். பழக்கத்தை விட உதவும் நிகோட்டின் சூயிங்கத்தை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் உதட்டை விலக்கி, பொட்டலம் வைக்கும் இடத்தைப் பாருங்கள். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்து, நிறுத்தி 2 வாரமாகியும் மாறாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயில் அவனுடைய மூன்று விரல் நெட்டுக்குத்தாக நுழையாவிட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். எந்தப் பீரியடில் காணாமல் போகிறான், எந்தப் பாடத்தில் திணறுகிறான் என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிற, ஓரிடத்தில் உட்கார முடியாத பையன் என்றால் கற்றல் குறைபாடு, கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் புகையிலையை மட்டும் பிடுங்கினால் வேறொன்று வந்து சேரும். பிரேயரில் பெயர் சொல்லி அவமானப்படுத்தவோ டிசி கொடுக்கவோ வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விற்ற கடையைப் பற்றிப் புகார் கொடுக்கலாம்: 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவருக்கோ, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளோ புகையிலை விற்பது குற்றம்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். ஆனால் வலி மாத்திரை அட்டை, கையில் ஊசித் தழும்பு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணியோடு மயக்கமான தூக்கம், சாகப் போகிறேன் என்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் போனில் நிற்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவாக இருந்தால் உடனே 108.