உள்ளே துணியை வெட்டிடாதீங்க!

கேள்வி: எனக்கு 36 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். 108 கிலோ இருந்தேன். சுகர், மூட்டுவலி எல்லாம் சேர்ந்துகொள்ள, இரைப்பையைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். 16 மாதம் ஆகிறது. இப்போது 70 கிலோ. சுகர் மாத்திரைகூட நின்றுவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. சொந்தக்காரர்கள் ‘என்னம்மா, ஏதாவது வியாதியா?’ என்கிறார்கள். பத்து வருஷமாகச் சாப்பிடக் கூப்பிடாத ஆபீஸ்காரர்கள் இப்போது ‘வாங்க மேடம்’ என்று இடம் பிடித்து வைக்கிறார்கள், எரிச்சலாக வருகிறது. என்ன டயட் என்று கேட்பவர்களிடம் வெறும் வாக்கிங்தான் என்று பொய் சொல்கிறேன். நல்ல புடவை கட்டினால் கணவர் முகம் மாறுகிறது. என்னைப் போலவே பருமனான என் கல்லூரித் தோழி பேச்சைக் குறைத்துவிட்டாள். பஸ்ஸில் இன்னும் ஒருக்களித்துத்தான் நடக்கிறேன். பழைய ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது, ‘உள்ளே துணியை வெட்டிடாதீங்க’ என்று டெய்லரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு என்ன ஆச்சு?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: டெய்லரிடம் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

உடம்பு 16 மாதத்தில் இறங்கிவிட்டது. ஆனால் இருபது வருஷமாக நாற்காலியைப் பார்த்ததும் ‘தாங்குமா?’ என்று கணக்குப் போட்ட மூளை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. நம் உடம்பு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று மூளைக்குள் ஒரு அளவு பதிந்திருக்கிறது. பஸ்ஸில் உங்களை ஒருக்களிக்க வைப்பது அந்தப் பழைய அளவுதான். எடை வெகுவாகக் குறைந்த பலருக்கும் இது உண்டு. கடையில் பெரிய சைஸைத்தான் கை தேடிப் போகும். பழைய போட்டோவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் அளவில் தைத்த துணியைப் போட்டு நடந்து பாருங்கள். மெல்ல மெல்லப் பழகும்.

ஜாக்கெட்டுக்குள் விட்ட துணி அப்படியே இருக்கட்டும். அதற்காக வெட்கப்படாதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் சில கிலோ திரும்ப ஏறுவது சாதாரணமாக நடப்பதுதான். அது தோல்வி இல்லை. தினமும் எடை மெஷினில் ஏறி இறங்குவதை மட்டும் விடுங்கள். வாரம் ஒருமுறை போதும்.

அடுத்து அந்த எரிச்சல். எடை குறைத்ததற்குக் கிடைத்த மரியாதையை வாங்கிக்கொள்ளாமல் கோபப்படுகிறோமே, நன்றி கெட்டவளோ என்று உள்ளூர ஒரு பயம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அதே கவுண்டரில், அதே மனுஷியாகப் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள். இன்று ‘வாங்க மேடம்’ என்பவர் அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் அந்தப் பாராட்டோடு சேர்ந்துதானே வந்து விழுகிறது? வலிக்கத்தான் செய்யும். உங்கள் கோபம் நியாயமானது. அதற்காகக் கேன்டீனில் சண்டை போடச் சொல்லவில்லை. போய் உட்காருங்கள், பிடித்தால் பேசுங்கள். அன்றைக்கும் உங்கள் டேபிளுக்கு வந்து டீ குடித்தவர் என்று யாராவது ஒருவர் இருந்திருப்பார் இல்லையா, அவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆபரேஷன் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. ஆனால் வாக்கிங்தான் காரணம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நம்பி இன்னொரு பெண் நடந்து நடந்து, எடை குறையாமல் தன்னையே நொந்துகொள்வாள். ‘டாக்டர் பார்த்துக் கொடுத்த சிகிச்சை’ என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

சொந்தக்காரர்கள் கதை வேறு. நம் ஊரில் சதை போட்டால் ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பார்கள், இளைத்தால் ‘சுகரா?’ என்பார்கள். அவர்கள் பார்த்த பலரும் சுகர் வந்து இளைத்தவர்கள்தானே! உங்களுக்கோ இருந்த சுகர் மட்டுப்பட்டுத்தான் இளைத்திருக்கிறது. அதை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி சோற்றோடு இலையை மூடினால் பக்கத்து இலைக்காரர் விடமாட்டார். ‘டாக்டர் சொல்லியிருக்கார்’ என்பதற்கு மேல் நம் ஆட்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். முதலில் பருப்பு, முட்டை, மீன் என்று புரதத்தைச் சாப்பிட்டுவிடுங்கள், சோறு அப்புறம்.

கணவர் விஷயத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன். அவருக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம் என்று படுகிறது. இனி இவளுக்கு நான் வேண்டுமா என்கிற பயம். அவராக வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நீங்களே கேளுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டை இல்லாத நேரமாகப் பார்த்து. புடவை கட்டியதும் முகம் மாறினால் பேசிச் சரிசெய்யலாம். போனை எடுத்துப் பார்ப்பது, எங்கே போகிறாய் என்று குடைவது என்று வளர்ந்தால் அதைப் பாசம் என்று பொறுத்துப் போகாதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். வயிற்றில், மேல்கையில் தோல் தொங்குகிறதா? முடி கொட்டியதா? ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் வாக்கில் தொடங்கும் முடி உதிர்வு பெரும்பாலும் தானாக நிற்கும். உங்களுக்கு இன்னும் நிற்கவில்லை என்றால் இரும்புச்சத்து, வைட்டமின் பி12, புரதம் ஆகியவற்றின் அளவைப் பாருங்கள். அந்தச் சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க வேண்டும். ‘இளைச்சாச்சே’ என்று நிறுத்திவிடக் கூடாது. தொங்கும் தோலுக்கு எந்தக் கிரீமும் வேலை செய்யாது. எடை ஒரே இடத்தில் நின்ற பிறகு, வேண்டுமானால், அறுவை சிகிச்சை உண்டு. அதுவரை மடிப்புகளை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முதல் வருஷம் மனசு பறக்கும். எடை இறங்குவது நின்றதும் சிலருக்கு மனசும் தரையில் விழும். நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். தூக்கம் போனாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினாலோ, ஆபரேஷன் செய்த டாக்டரிடமே மனநல ஆலோசகரைக் கேளுங்கள். நடு இரவாக இருந்தால் 14416 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தோழி பொறாமைப்படுகிறாள் என்று முடிவுகட்டாதீர்கள். குண்டாக இருப்பவர்களுக்கு மட்டுமே புரியும் கிண்டல்கள் உங்கள் இருவருக்கும் நடுவில் எத்தனையோ இருந்திருக்கும். இப்போது அவள் தனியாகிவிட்டாள். நீங்களும் எல்லோரையும் போல அவளுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவீர்களோ என்று பயந்திருக்கலாம். போன் எடுக்காவிட்டால் நேரில் போய் நில்லுங்கள். டயட், டாக்டர், ஆபரேஷன் எதுவும் அவளாகக் கேட்கிறவரை வேண்டாம். அந்த டெய்லர் கதையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு உங்களோடு சேர்ந்து சிரிக்க அவளைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?